மணலும் உப்பும் படும் வண்டியின் எஞ்சின்

கடலிலிருந்து திரும்பியதும் படகின் அவுட்போர்டு எஞ்சினை நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஓட்டிக் கழுவ வேண்டும் என்று பழவேற்காட்டு மீனவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதே படகில் வந்த மீனை ஐஸ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்கு ஓடும் மொபெட்டை யார் கழுவுகிறார்கள்? நின்றால்தான் அதன் நினைவு வருகிறது. நிற்பதும் பாதி வழியில். ஐஸ் கரைந்து மீன் விலை போவது அந்த ஒரு நாளில்தான். கரையோர மணற்பாங்கில் வேர்க்கடலை மூட்டை ஏற்றும் உழவர் அன்பர்களின் வண்டிக்கும் இதே கதிதான்.

பழவேற்காட்டில் ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் உவர்நீர் ஏரி. குப்பங்களுக்குள் போகும் வழிகளில் பல இன்னும் மணல் தடங்களே. தார்ச் சாலையை மனத்தில் வைத்துக் கம்பெனி எழுதிக் கொடுத்த கிலோமீட்டர்க் கணக்கு இங்கே பொருந்தாது. மணலில் வண்டி மெதுவாக ஊர்ந்தாலும் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. மீட்டரில் ஒரு கிலோமீட்டர் ஏறுவதற்குள் எஞ்சின் பல கிலோமீட்டர் உழைப்பை உழைத்துவிடுகிறது. ஆகவே கிலோமீட்டரை எண்ணாதீர்கள், நாட்களை எண்ணுங்கள்.

எல்லாவற்றிலும் முதலில் கவனிக்க வேண்டியது காற்று வடிகட்டி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு எஞ்சின் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை உறிஞ்ச வேண்டும். அந்தக் காற்றோடு நுண்மணலும் வருகிறது. மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு 7. சிலிண்டர் இரும்பு அதைவிட மென்மையானது. வடிகட்டியைத் தாண்டி உள்ளே போன மணல் எண்ணெயோடு சேர்ந்து, உப்புத்தாள் தேய்ப்பதுபோல் பிஸ்டன் வளையத்தையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். பிக்கப் குறைவதும், நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வருவதும் பெரும்பாலும் இதன் விளைவே.

மணல் தடத்தில் தினமும் ஓடும் வண்டிக்கு வாரம் ஒரு முறை வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது நுரைப் பஞ்சானால் சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். துணி பிழிவதுபோல் முறுக்கினால் கிழிந்துவிடும். பெட்ரோலில் கழுவுவது வேண்டாம். ஒட்டு விட்டுப்போகும், தீயும் பிடிக்கும். நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு சிறிது எஞ்சின் ஆயிலை ஊற்றிப் பஞ்சு முழுவதும் பரவும்படி அமுக்கி, மிகுதியைப் பிழிந்து விடுங்கள். அந்த எண்ணெய்ப் பிசுக்கில்தான் தூசி ஒட்டும். காய்ந்த பஞ்சு நுண்மணலை விட்டுவிடும். காகித வடிகட்டியானால் தண்ணீரும் எண்ணெயும் கூடாது. மெல்லத் தட்டி, அழுக்கு ஏறிவிட்டால் மாற்றிவிடுவதே முறை.

வடிகட்டிக்கு அப்பால் எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாயினுள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று பட்டால் பஞ்சு கிழிந்திருக்கிறது, அல்லது விளிம்பு சரியாகப் பொருந்தவில்லை. விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் பொருத்தினால் இடைவெளி அடையும். “வடிகட்டியை எடுத்துவிட்டால் வண்டி பறக்கும்” என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. சில நாள் பறக்கும். பிறகு ரீபோர் செலவு வரும்.

அடுத்தது எண்ணெய். 1980இல் வந்த டி.வி.எஸ். 50 முதலான இரு ஸ்ட்ரோக் வண்டிகளில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே எரிந்துவிடும். 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக். இதில் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தங்கி, அதுவே சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. பழைய வண்டியிலிருந்து மாறியவர்கள் பலர் இதை மறந்து, ஊற்றிய ஆயிலிலேயே ஆண்டுக் கணக்கில் ஓட்டுகிறார்கள். இத்தகைய சிறு எஞ்சின்கள் பலவற்றில் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைந்த ஆயில்தான். கால் லிட்டர் குறைந்தாலும் பெரிய குறைவு. சமதரையில் நிறுத்தி, எஞ்சின் அணைந்து சில நிமிடம் கழித்து அளவு பாருங்கள். மணலில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன காலத்தில் பாதியிலேயே ஆயிலை மாற்றுவது நலம். வடித்த ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அறிக. அதை வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ கொட்டிவிடாதீர்கள். இறால் வளரும் தண்ணீர் அது.

கியர் இல்லாத மொபெட்டில் ஒரு சங்கடம் உண்டு. மணலில் சக்கரம் புதையும்போது கிளட்ச் வழுக்கிச் சூடேறும். ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே நிற்பதைவிட, இறங்கித் தள்ளி விடுவது கிளட்சுக்கு மலிவு. எஞ்சினின் வெளித் தகடுகளில் சேறு அப்பிக் காய்ந்திருந்தால் சூடு வெளியேற வழியில்லை. குச்சியாலோ தூரிகையாலோ சுரண்டி எடுங்கள்.

இனி உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர் கோத்துக்கொள்ளும். ஏரிக்கரை இரவுகளில் இது சாதாரணம். அதனால் வண்டி காய்ந்ததுபோல் தோன்றினாலும் துரு வேலை செய்துகொண்டே இருக்கும். மீன் பெட்டியிலிருந்து சொட்டும் உப்பு நீர்தான் பெரிய பகைவன். பெட்டியின் அடியில் ஒரு குழாயைப் பொருத்தி, நீர் செயின் மேலும் சைலன்சர் மேலும் விழாமல், டயரிலும் படாமல், பக்கவாட்டில் தரையில் வடியும்படி செய்யுங்கள். அன்றன்று மாலை எஞ்சின் ஆறியபின் ஒரு குடம் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் இடுங்கள். கழுவும்போது சைலன்சர் வாயையும் காற்று வரும் வழியையும் துணியால் மூடுங்கள். கிளப்புமுன் துணியை எடுக்க மறவாதீர்கள்!

மழைக்காலத்தில் வண்டி உவர்நீரில் மூழ்கினால் கிக்கர் உதைக்கவே கூடாது. தண்ணீர் அமுங்காது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே உள்ள நீரை வெளியேற்றி, நல்ல தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவி, சிலிண்டருக்குள் சில துளி ஆயில் விட்டு, அன்றைக்கே பட்டறைக்குத் தள்ளிச் செல்லுங்கள். பெட்ரோலையும் எஞ்சின் ஆயிலையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வளையங்கள் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

ஏரியில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை பழவேற்காட்டுக்குப் பழக்கமானது. தம் பாடு இல்லாத நாளில் வலையைச் செப்பனிட உட்காருகிறார்கள். வடிகட்டிப் பெட்டியைத் திறக்கவும் அந்த நாளே ஏற்றது. வேண்டிய கருவி ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு பிளக் ஸ்பேனரும்தான்.