வெள்ளையாக இருப்பதும் ஸ்ட்ராபெர்ரிதான்

புனேயில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் படம் வரையச் சொல்லித்தருகிறேன். எல்லோரும் நாலிலிருந்து எட்டு வயதுக்குள். ஒரு வாரம் ஸ்ட்ராபெர்ரித் தோட்டம் வரைந்து, கலர் அடிக்கக் கொடுத்தேன். ஐந்து வயதுப் பையன் ஒருவன் இரண்டு பழங்களை வெள்ளையாகவே விட்டிருந்தான். “இதையும் முடிச்சிடு கண்ணா” என்றேன். “இது இன்னும் பழுக்கலை ஆன்ட்டி” என்றான். நான் காதில் வாங்கவில்லை; சிவப்பு கிரேயானை அவன் கையில் வைத்தேன்.

அந்த ஜனவரியில் மஹாபலேஷ்வர் போனோம், அங்கே ஒரு ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்துக்கு. செம்மண் மேட்டுப்பாத்தி, அதன்மேல் பிளாஸ்டிக் மூடாக்கு, துளைக்கு ஒரு செடி. குனிந்து இலையை விலக்கினேன். ஒரே செடியில் வெள்ளைப் பூ, பச்சைப் பிஞ்சு, வெளுத்த காய், பாதி சிவந்தது, முழுக்கச் சிவந்தது என எல்லாம் இருந்தன. பச்சைக் காய் வெளுத்த பிறகுதான் சிவக்கிறது. பையன் ஏற்கெனவே இங்கே வந்து பார்த்திருக்கிறான். திரும்பி வந்ததும் அவனிடம், “நீ வெள்ளையா விட்டதுதான் சரி” என்று சொன்னேன்.

அதன்பின் தாளையே மாற்றிவிட்டேன். வரிசையாக இதய வடிவப் பழங்களை வரைவதில்லை; ஒரு செடியைப் பெரிதாக வரைகிறேன். இலை மூன்று பிரிவு, ஓரமெல்லாம் ரம்பப்பல். பூவுக்குப் பெரும்பாலும் ஐந்து இதழ், நடுவில் மஞ்சள். தாய்ச் செடியிலிருந்து தரையில் ஓடிப் புதுச் செடி ஊன்றும் கொடியையும் சேர்ப்பேன். பழம் பறிக்கும் பாத்தியில் அதை வெட்டிவிடுவார்கள். ஆனாலும் சின்னப் பிள்ளைகள் கோட்டின்மேல் விரலை ஓட்டி, குட்டிச் செடியைக் கண்டுபிடிப்பதற்காகவே அதை விடாமல் வரைகிறேன். நாலு வயதுக்காரர்களுக்கு மூன்று பழம் போதும், கோடு தடிமனாக இருக்கட்டும்.

விதைப் புள்ளிகளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சிவப்பு அடித்துவிட்டு மேலே மஞ்சள் வைத்தால் அழுக்காகிவிடும். முதலில் மஞ்சள் மெழுகு கிரேயானால் புள்ளிகளை அழுத்தி வைக்க வேண்டும். பிறகு வாட்டர் கலர் சிவப்பைப் பூசினால் மெழுகு தண்ணீரை விலக்கும்; புள்ளிகள் அப்படியே பளிச்சென்று நிற்கும். அந்த நிமிடம் பிள்ளைகள் போடும் சத்தத்துக்காகவே இதை ஒவ்வொரு வருஷமும் செய்கிறேன். அப்போதே இன்னொன்றும் சொல்லிவிடுவேன்: நாம் விதை என்று சொல்லும் ஒவ்வொரு புள்ளியும் உண்மையில் ஒரு குட்டிப் பழம், நாம் தின்னும் சதை, பூவின் அடிப்பகுதி பருத்து வந்தது. பெரியவர்களும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

முழுக் கிரேயானைவிட உடைந்த துண்டு நல்லது. துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல்நுனி தானாக வேலைக்கு வரும். காகிதத்தை உரித்துப் படுக்கவைத்துத் தேய்த்தால் மண் நிறம் சீக்கிரம் நிறையும். மெல்லிய தாளில் ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மறுபக்கம் ஊறிவிடும்.

முடிந்தால் ஆளுக்கொரு பழம் தட்டில் வையுங்கள். வரைந்து முடித்த பிறகுதான் தின்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். போன டிசம்பரில் ஒரு சிறுமி பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சைத் தொப்பிக்குக் கீழே மெல்லிய வெள்ளை வளையம் தெரிந்தது. தாளிலும் அந்த இடத்தை மட்டும் கலர் படாமல் விட்டுவிட்டு, பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.