சாக்கெட்டும் அதன் பாதுகாப்புச் சீட்டும்

இயக்குதளத்தின் நடுவில் நின்று, கணினியின் நினைவகத்தையும் கருவிகளையும் நிரல்களுக்குப் பங்கிட்டளிக்கும் பகுதி கெர்னல் எனப்படும். ஒரு நிரல் வேறொரு கணினியோடு தொடர்புகொள்ள வேண்டுமாயின், கெர்னலிடம் ஒரு வாயிலைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அவ்வாயிலே சாக்கெட்.

லினக்ஸ் கெர்னலில் எஸ்இலினக்ஸ் என்னும் காவல் முறை உண்டு. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்முறை, 2003-இல் லினக்ஸ் 2.6 பதிப்பில் சேர்ந்தது. இதன்படி ஒவ்வொரு நிரலுக்கும், கோப்புக்கும், சாக்கெட்டுக்கும் ஓர் அடையாளச் சீட்டு உண்டு. எது எதனைத் தொடலாம் என்பதைச் சீட்டுகளை ஒப்பிட்டு விதித்தொகுப்பே முடிவு செய்யும்.

பொதுவாக, சாக்கெட்டைக் கேட்ட நிரலின் சீட்டே சாக்கெட்டுக்கும் அமையும். ஆனால், நிரல் கேளாமலே கெர்னல் தானாகத் திறக்கும் சாக்கெட்டுகளும் உள. 2020-இல் லினக்ஸ் 5.6 பதிப்பில் சேர்ந்த பல்வழி டிசிபி இதற்குச் சான்று. இதில் ஒரே தொடர்பு வைஃபை, கைப்பேசி அலை எனப் பல வழிகளில் செல்லும். முதன்மைச் சாக்கெட் ஒன்று; அதன்கீழ்க் கிளைகள் பல. சில கிளைகளைக் கெர்னலே திறப்பதால், அவற்றின்மேல் நிரலின் சீட்டுக்கு மாறாகக் கெர்னலின் சீட்டு ஒட்டப்பட்டது. பின்னர் அக்கிளைகள் முதன்மைச் சாக்கெட் வழியாக நிரலின் பயனுக்கு வந்தபோது, சீட்டு பொருந்தாமையால், குற்றமற்ற சர்வர் நிரல்கள் எதிர்பாராது தடைப்பட்டன.

கெர்னல் சீட்டுள்ள சாக்கெட்டுகளை நிரல் தொடலாம் என விதியைத் தளர்த்தினால் தடை நீங்கும். ஆனால் காவலும் தளரும். அந்நிரலைப் பகைவர் கைப்பற்றின், அதற்கு உரிமையில்லாத சாக்கெட்டுகளும் அவர்க்குத் திறந்துவிடும். ஆகவே 2023-இல் சீட்டே திருத்தப்பட்டது. முதன்மைச் சாக்கெட்டோடு கிளை சேரும் இடத்தில் புதிய சோதனைச்சாவடி ஒன்று அமைக்கப்பட்டது. அங்கே முதன்மையின் சீட்டும் வகுப்பும் கிளைக்குப் படியெடுக்கப்படும். வலையமைப்புக்குரிய பழைய குறி இருப்பின், அது நீக்கப்பட்டுப் புதிதாக இடப்படும்.

ஒரு பொருளைப் படைத்தவர் எவர் என்பதைவிட, அது எவர் பொருட்டு உழைக்கிறது என்பதே சீட்டுக்கு அடிப்படையாதல் வேண்டும். கணினிகளைப் பேணும் களப்பணியாளர், தடைப்பதிவு கண்டவுடன் விதியைத் தளர்த்தலாகாது. பதிவிலுள்ள இரு சீட்டுகளையும் படித்து, அவை உரியனதாமா என முதற்கண் ஆராய்தல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குதல் நலம்.