நிரலும் அமைப்புக் கோப்பும்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பல அங்கு உள. கம்பியின் பருமன் மாற வேண்டுமாயின், உருளைகளை மாற்றுவரேயன்றிப் பொறியையே மாற்றார்.

கணிப்பொறி நிரலுக்கும் இம்முறை பொருந்தும். ஆலையின் இருப்புக் கணக்கை எழுதும் நிரலுக்குச் சோதனை செய்யும் இடத்தில் ஒரு தரவுத்தளமும், ஆலையில் வேறொரு தரவுத்தளமும் உண்டு. அவற்றின் முகவரியும் கடவுச்சொல்லும் நிரலுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருப்பின், இடம் மாறுந்தோறும் நிரலைத் திருத்த நேரும். திருத்த மறந்தால், சோதனையால் ஆலையின் மெய்க்கணக்கே அழியக்கூடும். மேலும், நிரலைப் படிப்போர் யாவரும் கடவுச்சொல்லை அறிந்துவிடுவர்.

ஆதலின், இடத்துக்கு இடம் மாறுவனவற்றைச் 'சூழல் மாறிகள்' எனக் கொண்டு, தனிக் கோப்பில் எழுதி வைப்பர். வரிதோறும் பெயர், சமக்குறி, மதிப்பு ஆகியன இருக்கும். நிரல் தொடங்கும்போது அவற்றைப் படித்துக்கொள்ளும். 1979இல் வெளிவந்த யூனிக்சு ஏழாம் பதிப்பிலேயே இம்மாறிகள் இடம்பெற்றன.

கடவுச்சொல் உள்ள கோப்பைப் பலரும் பகிரும் நிரற்களஞ்சியத்தில் சேர்த்தல் ஆகாது. பெயர்கள் மட்டும் உள்ள மாதிரிக் கோப்பையே சேர்த்தல் வேண்டும். ஒருமுறை வெளிப்பட்ட கடவுச்சொல்லைக் கோப்பிலிருந்து அழித்தால் மட்டும் போதாது. பழைய பதிப்புகளில் அது நிலைத்திருக்கும். கடவுச்சொல்லையே உடனே மாற்றுதல்தான் காப்பாகும்.