மாதிரி விமானமும் அதன் வரைபடமும்



மாதிரி விமானம் செய்வது எப்படி என்று கேட்போர் பலர். அதற்கு வரைபடம் செய்வது எப்படி என்று கேட்போர் மிகச் சிலரே. பால்சா மரத்தையும் பசையையும் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடும் காரியம் அது. விமானம் பறப்பதும் விழுவதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகின்றன. பழைய காகித வரைபடத்தையும் சில புகைப்படங்களையும் துணைக்கொண்டு, கணிப்பொறியில் பிழையற்ற வரைபடம் ஆக்கும் முறையை ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

என் தோல்வியிலிருந்தே தொடங்குகிறேன். எம்மூராகிய நாகலாபுரத்தில் கோடை வந்தால் ஏரி வறண்டு, பரந்த களமாகக் கிடக்கும். சென்ற ஆண்டு விடுமுறையில் அங்கே என் முதற் கிளைடரைக் கைவிட்டு எறிந்தேன். பத்தடி நேரே சென்றது. பிறகு இடப்புறம் சாய்ந்து, சுழன்று, மண்ணில் மூக்கைக் குத்தியது. மும்முறை எறிந்தும் மும்முறையும் இடப்புறமே. வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று: இடது இறக்கை வலதைவிட 6 மில்லிமீட்டர் குறைவு! இரண்டு தாள்களாக இருந்த வரைபடத்தை இரண்டு வெவ்வேறு கடைகளில் நகல் எடுத்திருந்தேன். ஒரு கடை இயந்திரம் சற்றே சுருக்கித் தந்துவிட்டது. நானோ கோட்டை நம்பினேனேயன்றி, அளவுகோலை எடுக்கவில்லை.

காகிதம் அசையாப் பொருள் என்று எண்ணுகிறோம். அது தவறு. மழைக்காலத்தில் ஈரம் உண்டு விரியும், வெயிலில் சுருங்கும், அதுவும் நீளவாட்டில் ஒரு விதமாகவும் அகலவாட்டில் வேறு விதமாகவும். ஆதலின் பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்யும்போது, இரண்டு அளவுகோல்களைக் குறுக்கும் நெடுக்குமாக அதன்மேல் வைத்தே ஸ்கேன் செய்யவேண்டும். அங்குலத்திற்கு 300 புள்ளி போதும். மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 புள்ளி கிடைக்கும். அளவுகோல் ஸ்கேனரின் பிழையைக் காட்டும். காகிதத்தின் பிழையைக் காட்டுவது, வரைபடத்திலேயே எழுதப்பட்ட அளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. நம் நாட்டு மாருத் போர் விமானத்தைப் பத்தில் ஒரு பங்காகச் செய்ய விரும்புகிறோம் எனக் கொள்வோம். உண்மை விமானத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை வீச்சு 9 மீட்டர். நம் மாதிரிக்கு 1587 மில்லிமீட்டரும் 900 மில்லிமீட்டரும் வேண்டும். கைக்கு வந்த வரைபடத்தில் வீச்சு 912 என்றும் நீளம் 1595 என்றும் இருக்கக் காண்கிறோம். வீச்சைச் சரிசெய்ய 900-ஐ 912-ஆல் வகுத்து, வரும் 0.987-ஆல் படம் முழுவதையும் சுருக்கினால் என்ன ஆகும்? நீளம் 1574 ஆகிவிடும்; 13 மில்லிமீட்டர் காணாமற்போகும். விமானத்தின் எடைமையம் சில மில்லிமீட்டர் பிசகினாலே பறப்பது மாறிவிடும் என்பதை நினைவிற் கொள்க. ஆகவே வீச்சுத் திசையை 0.987-ஆலும் நீளத் திசையை 0.995-ஆலும் தனித்தனியே பெருக்கவேண்டும். கிம்ப் போன்ற மென்பொருளில் இதை முதலில் முடித்துக்கொண்டு, பிறகே வரையும் மென்பொருளுக்குள் படத்தைக் கொண்டுவருக.

இனிப் புகைப்படம். இது காகிதத்தைவிடப் பெரிய பொய்யன்!

எங்கள் வேதநாராயணர் கோயில் கோபுரத்தின் அடியில் நின்று கைப்பேசியை மேல்நோக்கிப் படம் எடுத்துப் பாருங்கள். இயல்பாகவே மேலே குறுகிச் செல்லும் கோபுரம், படத்தில் இன்னும் குறுகிப் பின்னால் சாய்ந்து நிற்கும். தெருக்கோடிக்குச் சென்று எடுத்தால் அவ்வளவு சாயாது. காமிரா ஒரு புள்ளியிலிருந்து பார்ப்பதே காரணம். அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் விழும். பொறியியல் வரைபடமோ எல்லையற்ற தொலைவிலிருந்து பார்ப்பது. அதற்கும் எங்கள் கோயிலிலேயே ஒரு விளக்கம் உண்டு. மேற்கு நோக்கிய அக்கோயிலில், மார்ச் மாதத்தில் மூன்று நாள் மாலைக் கதிர்கள் வாயில்களைக் கடந்து உள்ளே சென்று, ஒருநாள் மூலவரின் பாதத்திலும், மறுநாள் நடுவுடலிலும், அதற்கடுத்த நாள் திருமுடியிலும் படும். சூரியன் அத்துணைத் தொலைவில் இருப்பதால் கதிர்கள் ஏறக்குறைய இணையாகவே வருகின்றன. வரைபடத்தின் கண் இந்தச் சூரியனின் கண்ணைப் போன்றது. காமிராவுக்கு அக்கண் இல்லை.

பிழையின் அளவைக் கணக்கிட்டும் பார்க்கலாம். பெங்களூர் விசுவேசுவரையா அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்த மாருத்தைப் பக்கவாட்டில், அதன் நடுக்கோட்டிலிருந்து 9 மீட்டர் தள்ளி நின்று படம் எடுப்பதாகக் கொள்வோம். நம் பக்கத்து இறக்கை நுனி 4.5 மீட்டரிலேயே இருப்பதால் அது இருமடங்கு பெரிதாக விழும். 30 மீட்டர் தள்ளி நின்றாலும் 18 சதவீதம் மிகும். 90 மீட்டர் சென்றால்தான் 5 சதவீதத்திற்கு இறங்கும். அருங்காட்சியகத்தில் 90 மீட்டர் யார் தருவார்? ஆகவே இயன்ற மட்டும் விலகி நின்று, ஜூம் வைத்து எடுக்கவேண்டும். அளவை வரைபடத்திலிருந்தும், வளைவையும் தகட்டு மூட்டுகளையும் புகைப்படத்திலிருந்தும் எடுப்பதே என் வழக்கம்.

வரையும் பணி இதற்குப்பின் எளிது. ஆட்டோகேட் ஆயினும், விலையின்றிக் கிடைக்கும் லிப்ரேகேட், ஃப்ரீகேட் ஆயினும் முறை ஒன்றே. முதலில் நடுக்கோடு. பிறகு ஒரு பாதி மட்டும். மறுபாதியைக் கண்ணாடிப் பிரதியாக எடுக்கவேண்டும். இதைச் செய்திருந்தால் என் கிளைடர் மண்ணைக் கவ்வியிராது! படத்தைத் தானாகவே கோடாக்கும் வசதியை நம்பவேண்டாம். அது காகிதத்தின் அழுக்கையும் கோடாக்கி, ஒரு வளைவுக்கு ஆயிரம் புள்ளி வைக்கும். நல்ல வளைவுக்கு ஐந்தாறு புள்ளி போதும். அவ்வளைவுக்கு ஸ்ப்ளைன் என்று பெயர். கணிப்பொறி வருமுன், வளையும் மரச்சட்டத்தை ஈயக் குண்டுகளால் அழுத்தி நிறுத்தி, அதையொட்டிக் கோடு இழுப்பார்கள். அச்சட்டத்தின் பெயரே இது. குண்டுகளுக்கு வாத்து என்று பெயராம்!

1956-இல் இந்தியா வந்த ஜெர்மானியர் கூர்ட் டாங்க் தலைமையில் மாருத் உருவானதும் அத்தகைய வரைபலகைகளின் காலத்தில்தான். கோட்டை மட்டும் நம்ப அவர்களும் துணியவில்லை. 1959-இல் அதே வடிவில், முழு அளவில், மரத்தாலேயே ஒரு கிளைடர் செய்து பறக்கவிட்டுப் பார்த்தனர். அதன் பின்னரே, 1961 ஜூன் 17-ஆம் நாள் உண்மை விமானம் எழுந்தது.

நமக்கு மரத்திற்குப் பதில் அட்டை போதும். பக்கத்தோற்றம் உடலின் உயரத்தையும் மேற்றோற்றம் அகலத்தையும் தரும். இரண்டையும் கொண்டு வரைந்த குறுக்குத் தட்டுகளை முதலில் அட்டையில் வெட்டிக் கோத்துப் பாருங்கள். ஒரு தட்டு மட்டும் புடைத்து நின்றால், அவ்விடத்தில் இரு தோற்றங்களும் ஒத்துவரவில்லை என்று பொருள். லேசரில் வெட்டுவதாயின், அதன் கதிரே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கைத் தின்றுவிடும். கோக்கும் பள்ளங்களில் அதற்கு இடம் விட்டு வரைக. கடையில் 3 மில்லிமீட்டர் என்று விற்கும் பலகையையும் வெர்னியரால் அளந்துகொள்க.

அச்சிடும்போது தாளின் மூலையில் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து, இருபக்கமும் அளவுகோல் வைத்துப் பாருங்கள். 96 என்று வந்தால், தாளுக்கு ஏற்பச் சுருக்கும் கட்டளை அச்சு இயந்திரத்தில் இயங்குகிறது. அதை நீக்கிவிட்டு மறுபடி அச்சிடுங்கள்.