வீட்டுக் கம்ப்யூட்டரை நம்ம அளவுக்குத் தைப்போம்!

(மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



"கம்ப்யூட்டரை கஸ்டமைஸ் பண்ணியாச்சு மச்சான்" என்று நம் ஹாஸ்டலில் யாராவது சொன்னால், டெஸ்க்டாப்பில் ஒரு நடிகர் படமோ பைக் படமோ ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அது தப்பில்லை. ஆனால் அந்தப் படம் வந்து நிற்பதற்கே நாலு நிமிஷம் ஆகிறது என்றால் என்ன பிரயோஜனம்?

என் கணக்கில் கஸ்டமைஸ் என்பது டெய்லர் வேலை. ரெடிமேடு சட்டையில் கை நீளமாக இருந்தால் மடித்துத் தைத்துக் கொள்கிறோம் அல்லவா? விண்டோஸும் அப்படித்தான். உலகத்தில் இருக்கிற எல்லோருக்குமாகச் சேர்த்து வெட்டிய சட்டை. அதை நம் வீட்டில் உட்காருகிற ஆட்களின் அளவுக்குப் பிடித்துக் கொள்ளப் பெரும்பாலும் காசு தேவையில்லை. பொறுமை வேண்டும், ஒரு வாட்ச் வேண்டும், அவ்வளவுதான்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நம்மைப் போன்ற பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் கிடைத்தது. அப்படி அண்ணனோ அக்காவோ வாங்கி வந்த லேப்டாப்போ, தவணையில் வாங்கிய அசெம்பிள்டு பெட்டியோ நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. அது ஸ்லோ ஆனதும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எங்கள் வீட்டுப் பெட்டிக்கும் ஒரு கடையில், "இதுல ஒண்ணும் இல்ல சார், புதுசு பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கோ ப்ராஜெக்ட் செமஸ்டர். அப்பா அன்று ராத்திரியே அம்மாவிடம் வளையலை பேங்கில் வைப்பது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். "ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை டைம் குடுங்கப்பா" என்று கேட்டேன். கொடுத்தார். வளையல் அம்மா கையிலேயே இருக்கிறது. அன்றும் அதற்குப் பிறகும் செய்தவற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ரீடிங் எடுங்கள்

லேபில் ரீடிங் எடுக்காமல் கிராஃப் போட்டால் சார் விடுவாரா? இங்கேயும் அதே கதைதான். பெட்டியை ரீஸ்டார்ட் செய்து, பிரவுசர் திறந்து ஒரு பக்கம் முழுதாக வரும்வரை எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். 'ஷட்டவுன்' கொடுத்துவிட்டு ஆன் செய்து பார்க்க வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்து எழுந்திருக்கும். ரீஸ்டார்ட்தான் முழுக்க முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரொம்ப நாளாகத் தினமும் ஷட்டவுன் செய்கிற பெட்டியில் ஏதோ ஒன்று மக்கர் பண்ணினால், ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுத்ததும் சரியாகிவிடுவதன் ரகசியமும் இதுதான்!

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். மறுபடி ரீடிங். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. எங்கள் பெட்டியின் முதல் ரீடிங் நாலு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு.

கூப்பிடாமல் வரும் விருந்தாளிகள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதிக்குப் போனால், பெட்டியை ஆன் செய்ததும் தானாகவே எழுந்து உட்காருகிற புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்கிறது என்று 'ஹை', 'மீடியம்', 'லோ' என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். மீட்டிங் சாஃப்ட்வேர், கேம் லாஞ்சர், என்றோ வாங்கிய பிரிண்டரின் உதவியாளர், பாட்டு புரோகிராம் என்று ஒரு கல்யாணக் கூட்டமே நிற்கும். வேண்டாததை ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். புரோகிராம் அழிந்து போகாது. நாம் கூப்பிட்டால் வரும், கூப்பிடாமல் வராது. ஆன்டிவைரஸ், சவுண்டு, டச்பேட் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒன்றிலேயே ஒரு நிமிஷத்துக்கு மேல் மிச்சம்.

இப்போது கொஞ்சம் தியரி. மிச்ச நேரம் எங்கே போகிறது? பழைய பெட்டி என்றால் பெரும்பாலும் ஹார்டு டிஸ்கில். லேப்டாப் டிஸ்குகள் பல நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றுபவை. அதாவது செகண்டுக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிசெகண்டு. வேண்டிய இடம் தலைக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 5.6 மில்லிசெகண்டு. தலை சரியான வட்டத்துக்கு நகரும் நேரம் தனி. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பைப் பெருக்கிப் பாருங்கள். பிராசஸர் பாவம், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி நிற்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. சுமார் 0.1 மில்லிசெகண்டில் பதில் வந்துவிடும். அதனால்தான் பழைய பெட்டிக்குக் காசு செலவழிப்பதென்றால் முதல் செலவு எஸ்.எஸ்.டி. என்று நான் அடித்துச் சொல்வேன். 2.5 இஞ்ச் சாட்டா வகை பெரும்பாலான பழைய லேப்டாப்பில் அப்படியே ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் உட்காரும். போட்டபிறகு 'டீஃப்ராக்' செய்யச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது சுற்றுகிற டிஸ்குக்கான வைத்தியம்.

இரண்டாவது செலவு ரேம். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபாமன்ஸ்', அதற்குள் 'மெமரி' பார்த்தால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பெரும்பாலும் காட்டிவிடும். ஒன்று காலி என்றால் அதிர்ஷ்டம். ஆனால் டி.டி.ஆர். 3-ஐயும் டி.டி.ஆர். 4-ஐயும் மாற்றி வாங்கிவிடாதீர்கள். வெட்டு இருக்கும் இடம் வேறு, வோல்டேஜும் வேறு (முன்னது 1.5, பின்னது 1.2). 1.35 வோல்ட்டில் ஓடும் டி.டி.ஆர். 3எல் என்று ஒரு தம்பியும் உண்டு. பழைய பட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துப் போய் வாங்குவது உத்தமம்.

அப்பாவின் கண்ணும் தங்கையின் மார்க்கும்

வீட்டுக் கம்ப்யூட்டர் நமக்கு மட்டும் சொந்தமில்லை. இதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா கடைக் கணக்கைப் போடுவதும் அதில்தான், பிளஸ் டூ படிக்கும் தங்கை வீடியோ பாடம் பார்ப்பதும் அதில்தான்.

அப்பாவுக்கு எழுத்து தெரியவில்லை என்று பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். எழுத்து பெரிதானது நிஜம். ஆனால் கலங்கிப் போய், அப்பாவுக்குத் தலைவலி! ஏன் கலங்குகிறது? பழைய குண்டு மானிட்டரில் பரவாயில்லை. எல்.சி.டி. திரையிலோ புள்ளிகளின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. 1366 புள்ளிகள் உள்ள வரிசையில் 1024-ஐ இழுத்துப் பரப்பினால் ஒரு புள்ளிக்கு 1.33 புள்ளி வருகிறது. மூன்றில் ஒரு புள்ளியை எப்படி எரிய வைப்பது? பக்கத்துப் புள்ளியோடு கலந்து பூசி மெழுகுகிறது. ஆகவே ரெசல்யூஷனை 'ரெகமெண்டெட்' என்று எழுதியிருப்பதிலேயே வையுங்கள். அதே டிஸ்ப்ளே செட்டிங்கில் 'ஸ்கேல்' என்று இருப்பதை 125 சதவீதம் ஆக்குங்கள். இது இருக்கிற எழுத்தை இழுப்பதில்லை. அதிகப் புள்ளிகளை வைத்துப் புதிதாகவே வரைகிறது. அப்பா அன்று மாலை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "இப்பதான்டா புது மிஷின் மாதிரி இருக்கு" என்றார். நான் வாங்கிய பாராட்டில் அதுதான் பெரியது.

ஸ்டார்ட்டில் 'கிளியர்டைப்' என்று தேடினால் ஒரு சோதனை வரும். கண் டாக்டரிடம் கேட்பது போல "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா" என்று கேட்கும். யார் கண்ணுக்காகவோ அவரையே உட்காரவைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

அனிமேஷன், நிழல், கண்ணாடி மாதிரி தெரிகிற ஜிகினாவெல்லாம் பழைய பெட்டிக்குச் சுமை. 'அட்ஜஸ்ட் த அப்பியரன்ஸ் அண்ட் பெர்ஃபாமன்ஸ் ஆஃப் விண்டோஸ்' என்று தேடித் திறந்து, 'பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்' கொடுத்தால் எல்லா டிக்கும் போய்விடும். அதோடு ஓகே கொடுத்துவிடாதீர்கள். 'ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்' என்ற ஒன்றை மட்டும் மறுபடி டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் ரம்பப் பல் மாதிரி தெரியும். நம் தமிழில் வளைவுகள் அதிகம், 'ஞ'வும் 'ணை'யும் படுகிற பாட்டைச் சொல்லி மாளாது.

தங்கைக்குத் தனி அக்கவுண்ட் போட்டுக் கொடுத்தேன், 'ஸ்டாண்டர்டு' வகை. அவள் டெஸ்க்டாப்பில் பாடம் மட்டும் இருக்கும். என் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் அவள் கை படாது, அப்பா கணக்கில் என் கை படாது. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஒரே ஒரு அக்கவுண்ட். அதையும் தினசரி வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. ஏதாவது கண்ட கண்ட சாஃப்ட்வேர் தன்னைத்தானே ஏற்றிக்கொள்ளப் பார்த்தால் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். வீட்டில் சண்டை பாதி குறைந்தது என்பது உபரி லாபம்.

கைப்பழக்கம்

நம் சீனியர்களின் காலத்தில், 1990-களில், டாஸ் சிஸ்டத்தில் 'ஆட்டோஎக்ஸெக்' என்று ஒரு ஃபைல் இருந்தது. பெட்டி எழுந்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதி வைப்பார்கள். அந்தச் சுகம் இப்போதும் கிடைக்கும். விண்டோஸ் கீயையும் 'ஆர்' கீயையும் அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் 'ஷெல்' அடித்து, இடைவெளி இல்லாமல் முக்காற்புள்ளி வைத்து 'ஸ்டார்ட்அப்' என்று சேருங்கள். ஒரு ஃபோல்டர் திறக்கும். அதில் எந்த ஷார்ட்கட்டைப் போட்டாலும் அது தானாகத் திறக்கும். கூப்பிடாத விருந்தாளிகளை விரட்டினோம் அல்லவா, இங்கே நாமே ஒருவரை அழைக்கிறோம். எனக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மட்டும். தினமும் அது முகத்துக்கு நேராக வந்து நின்றால் எத்தனை நாள் தப்பிப்பது!

டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் 'பிராப்பர்ட்டீஸ்' போய் 'ஷார்ட்கட் கீ' இடத்தில் ஒரு எழுத்தை அழுத்தினால், கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு அந்த எழுத்தைச் சேர்த்து அழுத்தும்போது அது திறக்கும். விண்டோஸ் கீயோடு இடது, வலது அம்புக்குறி சேர்த்தால் திரை இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் டேட்டா ஷீட், மறுபக்கம் சர்க்யூட். விண்டோஸ் கீயோடு 'வி' அழுத்தி ஒரு முறை ஆன் செய்துவிட்டால், காப்பி செய்த கடைசி 25 விஷயங்கள் வரை நினைவில் வைத்திருக்கும்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் கோபித்துக் கொள்ளக்கூடாது. உங்களுக்கும் ஒன்று. ஆட்டோகேடில் 'மேனேஜ்' பகுதியில் 'எடிட் எயிலியாசஸ்' என்று இருக்கும். லைனுக்கு 'எல்', சர்க்கிளுக்கு 'சி' என்று சுருக்கங்கள் எல்லாம் அந்த ஃபைலில்தான் இருக்கின்றன. முதலில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பிறகு கடைசியில் உங்கள் சுருக்கத்தை எழுதி, கமா போட்டு, நட்சத்திரக் குறியை ஒட்டி முழு கமாண்டின் பெயரை எழுதுங்கள். நேர்கோட்டு டைமென்ஷனுக்கு இருக்கும் மூன்றெழுத்தை 'டி.டி.' என்று இரண்டாக்கினால், ஒரு ஷீட் முடிவதற்குள் வித்தியாசம் தெரியும். 'ரீஇனிட்' கமாண்ட் கொடுத்தால் மூடித் திறக்காமலே அமலுக்கு வரும். ஆனால் காலேஜ் லேபில் இந்த வேலை வேண்டாம். போர்டு பிராக்டிகலில் அந்த மிஷினில் உட்காருபவன் திட்டுவான்.

தமிழில் அடிக்க விரும்புபவர்கள் லாங்குவேஜ் செட்டிங்கில் தமிழைச் சேர்த்து 'தமிழ் 99' கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். தமிழக அரசு 1999-ல் ஏற்ற அமைப்பு இது. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். புள்ளியை அது தானே வைத்துக்கொள்ளும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நாலே தட்டு! ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும்.

தொடக்கூடாதவை

'ஒரே கிளிக்கில் ஸ்பீடு' என்று வரும் கிளீனர்கள், 'ரெஜிஸ்ட்ரி' சுத்தம் செய்பவர்கள், கிராக் செய்த தீம்கள்... இவற்றைப் பென்டிரைவில் கொண்டு வரும் நண்பனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அரிய ஃபோட்டோவும் ரிப்போர்ட்டும் இருக்கிற பெட்டி அது.

இன்னொன்று. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். நம் பழைய பெட்டிகள் பல அந்த வாசலில் நின்றுவிடும். அதற்காக எடைக்குப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தில் 'எக்ஸ்.எஃப்.சி.இ.' என்று ஒரு லேசான வகை உண்டு. 2 ஜி.பி. ரேமிலும் ஓடும், 4 இருந்தால் தாராளம். ஆட்டோகேட் அதில் ஓடாது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். 2டி படத்துக்கு லிப்ரேகேட் இருக்கிறது. ரிப்போர்ட், பிரவுசர், சி புரோகிராம், தங்கையின் வீடியோ பாடம் இவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. ஹார்டு டிஸ்கில் கை வைக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சவுண்டு வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று மூன்றையும் சோதித்து நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய விண்டோஸ் இருந்த இடத்திலேயே இருக்கும்.