வேலியில் நிற்கும் மருந்தும் பெட்டிக்குள் வைத்த கல்லும்

ஊரைவிட்டு அவசரமாக வெளிக்கிடும் குடும்பம் உடுப்பையும் பத்திரங்களையும் எடுக்கும். முடிந்தால் விதைநெல்லையும் எடுக்கும். வேலியில் நிற்கும் ஆடாதோடையையும் நொச்சியையும் எவரும் பிடுங்கிக்கொண்டு வருவதில்லை. புதிய இடத்தில் பிள்ளைக்கு இருமல் வரும்போதுதான் அந்த இழப்புத் தெரியவரும். அவற்றை மீண்டும் நட்டுக்கொள்வது அத்தனை கடினமல்ல. ஆனால் எந்த நோய்க்கு வேலியடிக்குப் போவது, எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பதையும் நாம் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

ஆடாதோடையை எடுத்துக்கொள்வோம். ஆடு தொடாத இலை என்பதால் வந்த பெயர் என்பார்கள். கசப்பினால் கால்நடை அதில் வாய் வைப்பதில்லை. ஆகவே வேலிக்கும் அது நல்லது. அதன் இலையிலுள்ள வசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து ஆக்கப்பட்டது. எங்கள் அப்பாச்சிமார் அவித்துத் தந்த கசப்புக் குடிநீர் வெறும் நம்பிக்கையல்ல என்பதற்கு இது ஒரு சான்று. ஆயினும் கர்ப்பிணித் தாய்மார் இதைக் குடிக்கக் கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை இதற்கு உண்டு. நொச்சியும் அப்படியே. பிலிப்பைன்ஸ் நாட்டில் நொச்சியிலையிலிருந்து இருமல் பாணி செய்து விற்கிறார்கள். நொச்சியிலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குச் சுகம் தரும். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒடுக்கமான கொட்டிலுக்குள் கொதிநீர்ப் பானை கவிழ்ந்தால் சளியைவிடப் பெரிய துன்பம் வந்துசேரும்.

இருமும் பிள்ளையின் சட்டையைக் கழற்றி, அழாமல் அமைதியாக இருக்கும் வேளையில், மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பாருங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது நியூமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும் குடிநீர் அவிக்க அடுப்பு மூட்ட வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவென்றால் எந்தக் கைமருந்தும் கொடுக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வயிற்றோட்டத்துக்கு மாதுளம் தோலையும் கொய்யாக் குருத்தையும் தேடுகிறோம். ஆனால் பிள்ளையின் உயிரைக் கொண்டுபோவது உடலிலிருந்து வெளியேறும் நீர்தான். ஜீவனிப் பைக்கற்று கையில் இல்லையென்றால், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி பருக்குங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

இனிக் கற்களுக்கு வருவோம். கலங்கிய கிணற்று நீரில் சீனாக்காரத்தைச் சிறிது கலக்கினால் மண் அடியில் படியும். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைப்பதும் அதே வேலையைச் செய்யும். நீர் தெளிந்துவிட்டது என்பதற்காகக் கிருமி செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தெளிந்ததைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

சில வீடுகளில் விஷக்கல் என்று கறுப்பாக ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துப் பேணுகிறார்கள். பெரும்பாலும் அது சுட்டுக் கரியாக்கிய எலும்புத் துண்டு. நுண்ணிய துளைகள் உள்ளதால் ஈரத்தை உறிஞ்சிக் காயத்தில் ஒட்டும். விஷம் முடிந்ததும் தானாக விழும் என்பார்கள். உண்மையில் ஈரம் ஊறியதும் விழுகிறது. உடலுக்குள் பரவிய விஷத்தை அது எடுப்பதில்லை. கல் ஒட்டியிருக்கும் அந்த ஒரு மணித்தியாலமே உயிருக்கு விலையாகிவிடுகிறது. நாகம், புடையன், விரியன் கடிக்கு விஷமுறிவு ஊசி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடப்படுகிறது. கடிபட்ட காலை ஆட்டாமல் தடி வைத்துத் தளர்வாகக் கட்டி, மோதிரம், கொலுசைக் கழற்றிக் கொண்டுபோங்கள். காயத்தைக் கீற வேண்டாம். கயிற்றால் இறுக்க வேண்டாம். நிலத்தில் பாய் விரித்துப் படுப்போரை எண்ணெய் விரியன் இரவில் கடிப்பதுண்டு. அந்தக் கடி பெரிதாக நோகாது. விடியற்காலை வயிற்றுவலியோடு எழும்புபவரின் கண்மடல் தொங்கினால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் தாமதிக்க வேண்டாம். நுளம்பு வலையைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிப் படுப்பது நுளம்புக்கு மட்டுமல்ல, இதற்கும் காவல்.

பற்றையிலுள்ள எல்லாமே மருந்தும் அல்ல. கார்த்திகைப்பூக் கிழங்கை வற்றாளை என்று எண்ணி அவித்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. மஞ்சள் அலரி விதையும் உயிரைக் குடிக்கும். பழக்கமில்லாத காணியில் கிழங்கு கிண்டுமுன் அயலவர் ஒருவரைக் கேளுங்கள். அவர்கள் அந்த மண்ணை எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

ஆடாதோடை, நொச்சி, முருங்கை மூன்றும் தடியிலிருந்தே முளைக்கும். மாரி தொடங்கும் ஐப்பசியில், முற்றிய தடியை ஒரு முழ அளவில் வெட்டி, பாதியை மண்ணுள் புதைத்தால் போதும். காணி மற்றவருடையது என்றால் முதலில் ஒரு சொல் கேட்டு நடுங்கள். அங்கே எவ்வளவு காலம் இருப்போம் என்று தெரியாதவர்கள் வல்லாரையையும் தூதுவளையையும் பழைய உரப்பையில் மண் நிரப்பி வளர்க்கலாம். போகும்போது தூக்கிக்கொண்டு போகலாம்.