மலைநாட்டுச் சிறுத்தை

"மேல் மலையில் புலி நின்றதாம்" என்று, கொழுந்து பறித்துத் திரும்பும் தாய்மார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் எம்மிற் பலர். உண்மையில் அது புலியன்று, சிறுத்தை. புலிக்கு உடலில் கோடுகள். சிறுத்தைக்கோ பூப்போன்ற புள்ளிகள். ஒன்றின் புள்ளிகளைப் போல் மற்றொன்றுக்கு அமைவதில்லை. நமது கைரேகையைப் போன்ற இப்புள்ளிகளைக் கொண்டே ஆய்வாளர் ஒவ்வொரு சிறுத்தையையும் இனங்காண்கின்றனர்.

இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத உபஇனமாகும். 1956இல் தெரணியகல என்னும் விலங்கியல் அறிஞர் இதற்குப் 'பந்தேரா பார்டஸ் கொட்டியா' எனப் பெயரிட்டார். சிங்கமும் புலியும் இல்லாத நம் காடுகளில் இதுவே அரசன். வரண்ட யால, வில்பத்துக் காடுகளிலும், குளிர்ந்த ஹோட்டன் சமவெளியிலும், சிவனொளிபாதமலைக் காட்டிலும் இது வாழ்கிறது. மான், மரை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, குரங்கு யாவும் இதன் உணவு. சில இரவுகளில் லயத்து நாயும்தான்!

மலைநாட்டுக் காடுகள் முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. எஞ்சியவை துண்டு துண்டாய் நிற்கின்றன. ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குப் போக வேண்டுமாயின் சிறுத்தை தேயிலை நிரைகளுக்கூடாகத்தான் நடக்க வேண்டும். பெரும்பாலும் இரவில் நடக்கும்; பகலில் பற்றைகளிலும் கற்பாறை இடுக்குகளிலும் படுத்திருக்கும். அறியாமல் அருகே செல்பவர்தான் சில வேளை காயப்படுகிறார்.

மனிதரால் அதற்கு நேரும் தீங்கோ மிகப் பெரிது. மரக்கறிப் பாத்திகளைக் கிளறும் காட்டுப்பன்றிக்காகக் கம்பியினாற் சுருக்கு வைக்கிறார்கள். பன்றி நடக்கும் தடத்திலேயே சிறுத்தையும் நடக்கிறது. அகப்பட்டது திமிறத் திமிறக் கம்பி இறுகும். 2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படி அகப்பட்டது. கருஞ்சிறுத்தை வேறு இனமன்று. கருநிறம் மிகுந்த அதே சிறுத்தைதான். வெயிலில் பார்த்தால் புள்ளிகள் தெரியும். அதை மயக்கி மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றார்கள். கழுத்துக் காயத்தோடு மூன்றாம் நாள், 29ஆம் திகதி, அது இறந்தது.

சிறுத்தையைக் கொல்வது சட்டப்படி குற்றம். ஆனால் சுருக்கு வைப்பவர் சிறுத்தையை நினைத்து வைப்பதில்லை. ஒரே இரவில் பாத்தி முழுவதையும் பன்றி அழித்துவிட்டால் அவர் வீட்டில் கடன்தான் மிஞ்சும். எமது வகுப்பில் விசாரித்தபோது சுருக்கைக் கண்ணாற் காணாதவர் சிலரே. தோழி ஒருத்தியின் மாமாவே வைக்கிறாராம். பெயரைப் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டாள். "கம்பிக்குப் பன்றியும் தெரியாது, சிறுத்தையும் தெரியாது, மாமா" என்று அவள் சொன்னதற்கு, "அப்படியென்றால் இராத்திரி நீ வந்து பன்றி விரட்டுவாயா?" என்றாராம். எம்மில் எவருக்கும் உடனே பதில் வரவில்லை.

பின்பு நாங்கள் பழைய தகரப் பேணிகளைச் சேர்த்துக் கொடுத்தோம். காற்றில் அவை மோதும் ஓசைக்குப் பன்றி அஞ்சுமாம். மாமா அவற்றைப் பாத்தியின் ஒரு பக்கத்திற் கட்டியிருக்கிறார். மறு பக்கத்தில் இன்னும் கம்பிதான்.